ஸ்பிரிங் மாற்றிய பிறகு வலது பக்கம் இழுத்த கார்: போல்ட்டுகளைப் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

உசிலம்பட்டிப் பக்கத்து மல்லிகை விவசாயி ஒருவரின் சிறிய கார் இது. விடியலுக்கு முன்னால் பின் சீட்டை மடக்கி, பூ மூட்டைகளை ஏற்றிக்கொண்டு செக்கானூரணி வழியாக மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு வந்து போகும் வண்டி. திரும்பும்போது உர மூட்டையோ மோட்டார் சாமானோ எது வேண்டுமானாலும் பின்னால் இருக்கும். வருஷக்கணக்கில் இப்படி ஓடியதில் நான்கு ஸ்பிரிங்கும் அமுங்கிப்போய், ஒவ்வொரு வேகத்தடையிலும் அடி தட்ட ஆரம்பித்தது. வேறொரு பட்டறையில் நான்கையும் புதிதாக மாற்றினார்கள். உயரம் வந்துவிட்டது, அடி தட்டுவதும் நின்றுவிட்டது. ஆனால் கொஞ்ச நாளில் வேறு தொந்தரவு தொடங்கியது.

நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் இருக்கும் எங்கள் பட்டறைக்கு வந்தபோது அவர் சொன்னது: "ஸ்பிரிங்கு மாத்துனதுலருந்துதாண்ணே இந்தச் சத்தம். பிரேக் புடிச்சா 'டொக்'குனு ஒரு அடி. லிங்க் ராடு மாத்தியாச்சு, அலைன்மென்ட்டும் பாத்தாச்சு. ரெண்டு வாரம் நல்லா இருக்கும், அப்புறம் பழையபடி வலது பக்கம் இழுக்கும்."

இதில் இரண்டு தகவல்கள் முக்கியமானவை. முதலாவது, அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்யும் வேலை, செய்தும் நிலைக்கவில்லை. அளவை அமைப்பதில் தவறு என்றால் முதல் நாளே தெரிந்திருக்கும். இரண்டு வாரம் கழித்து மாறுகிறது என்றால் ஏதோ ஒரு இணைப்பு நகர்கிறது. இரண்டாவது, வண்டி வலது பக்கம் இழுக்கிறது. நம் சாலைகள் மழைத்தண்ணீர் வடிவதற்காக ஓரம் நோக்கிச் சரிந்திருக்கும். நாம் இடது பக்கம் ஓட்டுவதால் எந்த வண்டிக்கும் இடது பக்கம் லேசான இழுப்பு இருப்பது இயல்பு. அந்தச் சரிவையும் மீறி வலது பக்கம் போகிறது என்றால் காரணம் வண்டிக்குள்தான் இருக்கிறது.

தரையில் நிற்கும்போது பார்த்தவை

எந்த வண்டியையும் தூக்குவதற்கு முன் தரையிலேயே பார்த்துவிட வேண்டும் என்பது எங்கள் பட்டறையின் வழக்கம். தூக்கிவிட்டால் சக்கரம் தொங்கும், சுமை போய்விடும், சுமையில் மட்டும் தெரியும் குறை மறைந்துவிடும்.

இடது முன் டயரைத் தடவிப் பார்த்தால் வெளி ஓரம் புதிது போல இருந்தது. உள் ஓரம் மழமழவென்று தேய்ந்திருந்தது. சக்கரத்தின் மேல்பகுதி உள்பக்கம் சாய்ந்து ஓடியதற்கான அடையாளம் இது. இந்தச் சாய்வுக்குத்தான் கேம்பர் என்று பெயர், உள்ளே சாய்ந்தால் மைனஸ். அலைன்மென்ட் மெஷினில் ஏற்றினோம். இடது கேம்பர் மைனஸ் 1 டிகிரி 40 நிமிடம், வலது மைனஸ் 25 நிமிடம் (60 நிமிடம் ஒரு டிகிரி). இரண்டு பக்கத்துக்கும் இடையே ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம். கேம்பர் எந்தப் பக்கம் அதிகமாக உள்ளே சாய்கிறதோ, வண்டி அதற்கு எதிர்ப்பக்கம் போகும். வலது இழுப்புக்கு விடை கிடைத்துவிட்டது. சாய்வு எங்கிருந்து வந்தது என்பதுதான் மிச்சம்.

அடுத்தது விரல் சோதனை. ஒருவர் வண்டியை ஒரு சாண் முன்னும் பின்னும் நகர்த்தி ஒவ்வொரு தடவையும் பிரேக் பிடிக்க, பக்கவாட்டில் நிற்பவர் ஸ்ட்ரட் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்) நக்கிளோடு (சக்கரத்தைத் தாங்கும் வார்ப்பு) சேரும் இடத்தில் இரண்டு விரல்களை வைத்திருப்பார். சக்கரம் திருப்பி வைக்கப்பட்டிருந்தது, சக்கர வளைவுக்கு வெளியே நின்றே கை எட்டியது. ஒவ்வொரு அசைவுக்கும் விரலுக்கடியில் ஒரு சின்ன உதறல். காதுக்குக் கேட்பதற்கு முன்பே கைக்குத் தெரிந்துவிட்டது. லிங்க் ராடில், அதாவது வண்டி திருப்பத்தில் சாயாமல் பிடிக்கும் கம்பியை ஸ்ட்ரட்டோடு இணைக்கும் சின்னத் தண்டில், கை வைத்தால் ஒன்றுமில்லை. அதை மாற்றிய செலவு வீண்தான்.

கழற்றிய பிறகு

இந்த வண்டியின் முன்பக்கம் மேக்பெர்சன் ஸ்ட்ரட். ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக மேலே பாடியில் மூன்று நட்டுகளிலும், கீழே நக்கிளில் இரண்டு பெரிய போல்ட்டுகளிலும் நிற்கும். ஸ்பிரிங் மாற்ற வேண்டும் என்றால் அந்த இரண்டு போல்ட்டையும் கழற்றாமல் முடியாது. ஆக, வேலை பார்த்தவர்களின் கை கட்டாயம் பட்ட இடம் அது.

இடது பக்கம் மேல் போல்ட் கம்பெனி போல்ட். தலையில் 10.9 என்று இருந்தது. கீழ் போல்ட்டின் தலையில் 8.8. கழற்றும்போது எங்கோ தொலைந்ததோ மரை போனதோ, பக்கத்து ஹார்டுவேர் கடையில் வாங்கிப் போட்டிருக்கிறார்கள். பார்வைக்கு அதே தடிமன், அதே நீளம். ஆனால் மூன்று விதத்தில் அது வேறு சாமான்.

முதலில் வலிமை. 8.8 என்பதில் முதல் எண்ணை நூறால் பெருக்கினால் இழுவிசை வலிமை, 800 மெகாபாஸ்கல். இரண்டாவது எண், அந்த வலிமையில் எத்தனை பங்கு வரை போல்ட் நிரந்தரமாக நீளாமல் இருக்கும் என்பதைச் சொல்கிறது: பத்தில் எட்டு, அதாவது 640. 10.9 என்றால் 1000, அதில் 900. அடுத்தது மரை. கம்பெனி போல்ட்டின் மரை இடைவெளி 1.25 மில்லிமீட்டர். இது 1.75. அதனால் நட்டையும் சேர்த்து மாற்றியிருக்கிறார்கள், சாதாரண நட்டு, பூட்டு நட்டுகூட இல்லை. மூன்றாவதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். கம்பெனி போல்ட்டில், நக்கிளைக் கவ்வும் ஸ்ட்ரட் தகடுகளுக்குள் இருக்கும் பகுதி மழமழவென்று உருண்டையாக இருக்கும், நுனியில் மட்டும் மரை. கடை போல்ட்டில் தலை வரை மரை. மரையின் கூர் முனைகள்தான் துளையின் சுவரில் படுகின்றன. அவை நசுங்க நசுங்க இடைவெளி கூடிக்கொண்டே போகும். கையில் எடுத்துப் பார்த்தபோது நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு மரை முனைகள் தட்டையாகப் பளபளத்தன. தகட்டைச் சுற்றிச் செங்கல் பொடி போல ஒரு தூள் படிந்திருந்தது. இரும்பும் இரும்பும் உரசும்போது வரும் துரு அது. எந்த இணைப்பைச் சுற்றி அந்தத் தூளைப் பார்த்தாலும் அங்கே அசைவு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டு போல்ட்டுக்கும் இடைத்தூரம் 60 மில்லிமீட்டர். அதில் ஒரு போல்ட் ஒரே ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் சக்கரம் கிட்டத்தட்ட ஒரு டிகிரி சாயும். டயரின் தரை படும் இடம் ஸ்ட்ரட்டுக்கு வெளியே இருப்பதால், வண்டியின் சுமையே சக்கரத்தின் மேல்பகுதியை உள்ளே தள்ளும். மெஷின் காட்டிய வித்தியாசம் முழுக்க இந்த ஒரு துளைக்குள் அடங்கிவிட்டது.

இந்த இடத்தில் பலருக்கு ஒரு சந்தேகம் வரும்: 8.8 போல்ட்டும் முறியவில்லையே, அப்புறம் என்ன? போல்ட் சுமையைத் தன் உடம்பில் வாங்கிக்கொள்வதற்காக அங்கே இல்லை. அது இழுபட்டு, தகடுகளை நக்கிளோடு அழுத்திப் பிடிக்கிறது. அந்த அழுத்தத்தால் வரும் உராய்வுதான் சுமையைத் தாங்குகிறது. அழுத்தம் குறைந்தால் போல்ட் முழுசாக இருந்தாலும் தகடு நழுவும்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 12 மில்லிமீட்டர் போல்ட்டை எண்ணெய் இல்லாமல் 100 நியூட்டன் மீட்டர் டார்க்கில் (முறுக்கு விசையில்) முறுக்கினால் அழுத்தம் சுமார் 42 கிலோ நியூட்டன், அதாவது நாலேகால் டன். நாம் முறுக்கும் விசையில் பத்தில் ஒரு பங்குதான் இப்படி இழுவையாகிறது. மற்றதெல்லாம் தலைக்கு அடியிலும் மரைக்குள்ளும் உராய்வில் போய்விடும். மரையில் எண்ணெய் தடவினால் உராய்வு குறையும். அதே 100 நியூட்டன் மீட்டருக்கு அழுத்தம் 55 கிலோ நியூட்டன் வரை ஏறும். 1.75 மரை கொண்ட 8.8 போல்ட் நீளாமல் தாங்குவதாக உறுதி சொல்லப்படும் அளவு சுமார் 49 தான். ஆக, எண்ணெய் போட்டு கன்னால் (நட்டை அடித்து முறுக்கும் மெஷினால்) அடித்திருந்தால், பட்டறையை விட்டு வண்டி வெளியே போகும்போதே அந்த போல்ட் நீள ஆரம்பித்திருக்கும்.

நீண்டதா என்று பார்க்க மெஷின் வேண்டாம். நட்டைக் கையால் மரை முழுக்க ஓட்டிப் பார்த்தால் போதும். நல்ல போல்ட்டில் கடைசி வரை விரலாலேயே ஓடும். இதில் பாதியில் இறுகி நின்றுவிட்டது. மரை இடைவெளி பார்க்கும் கேஜை வைத்தால் பற்கள் பொருந்தாமல் வெளிச்சம் தெரிந்தது. ஆனால் பூட்டு நட்டில் இந்தச் சோதனை செல்லாது. அது எப்போதுமே இறுக்கமாகத்தான் ஓடும். அங்கே சாதாரண நட்டு ஒன்றை வைத்துப் பார்க்க வேண்டும்.

வலது பக்கம் இரண்டும் கம்பெனி போல்ட். ஆனால் அதிலும் ஒரு கோளாறு. இந்த போல்ட்டின் தலைக்குக் கீழே நீளவாக்கில் சிறு பற்கள் உண்டு. உள்ளே போனதும் அவை தகட்டைக் கடித்துக்கொண்டு போல்ட்டைச் சுற்றவிடாமல் பிடிக்கும். அதனால் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டைத்தான் திருப்ப வேண்டும், போல்ட்டை மெல்லத் தட்டி வெளியே எடுக்க வேண்டும். கன் நுழைவதற்கு வசதியான பக்கம் தலை என்பதால் அங்கே அடித்திருக்கிறார்கள். பற்கள் வழித்துப் போய், துளையின் வாயும் சிதைந்திருந்தது. இதே வேகத்தில் விட்டிருந்தால் சில மாதத்தில் வலது பக்கமும் இடது பக்கத்தின் கதைக்கு வந்திருக்கும்.

பிரேக் ஹோஸைப் பிடிக்கும் சின்ன போல்ட் இடது பக்கம் இல்லவே இல்லை. ஹோஸ் டயரின் உள்பக்கத்தில் உரசித் தோல் தேய்ந்திருந்தது. சத்தம் வராத குறை என்பதால் யாரும் சொல்லவில்லை. மொத்த வண்டியிலும் எனக்கு வயிற்றைக் கலக்கியது இதுதான். பத்தாம் நம்பர் ஸ்பேனர் போட வேண்டிய ஒரு சின்ன போல்ட்.

பின்பக்கம்: ரப்பர் புஷ்

பின்னால் இந்த வண்டிக்கு இரண்டு சக்கரத்தையும் சேர்க்கும் ஒரே பீம். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் தனித்தனி. ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றி பீமை இறக்கினால் ஸ்பிரிங் வந்துவிடும். இன்னும் கொஞ்சம் இறங்கட்டும் என்று பீமின் முன்பக்க போல்ட்டுகளையும் தளர்த்தியிருக்கிறார்கள், ஸ்பேனர் தடம் புதிதாகத் தெரிந்தது. தளர்த்தியதில் தவறில்லை. வண்டி லிஃப்டில் இருக்க, பீம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே மறுபடி முறுக்கியதில்தான் தவறு.

ரப்பர் புஷ்ஷின் அமைப்பு இப்படி: வெளிக்குழாய் பீமில் அழுத்தமாக ஏறியிருக்கும், உள்குழாயை போல்ட் பாடியோடு இறுக்கிப் பிடிக்கும், நடுவில் இரண்டோடும் ஒட்டிய ரப்பர். பீம் மேலும் கீழும் போகும்போது எதுவும் வழுக்காது, ரப்பர்தான் முறுக்கிக்கொடுக்கும். வண்டி தரையில் நிற்கும் நிலையில் அந்த ரப்பர் முறுக்கில்லாமல் இருக்க வேண்டும். தொங்கும் நிலைக்கும் நிற்கும் நிலைக்கும் கோணத்தில் 10, 15 டிகிரி வித்தியாசம் வரலாம். தொங்கும்போது போல்ட்டை முறுக்கினால், வண்டியை இறக்கியதும் ரப்பர் பிழிந்த துணியைப் போல நிரந்தர முறுக்கில் நிற்கும். அதற்கு மேல்தான் ஒவ்வொரு பள்ளமும் வேகத்தடையும்.

நான்கு கால் லிஃப்டில், சக்கரம் பலகையில் நிற்க, பீம் போல்ட்டைத் தளர்த்தினோம். கட்டைவிரலை உள்குழாயின் விளிம்பில் வைத்துக்கொண்டு நட்டை விட்டால், ஒரு இடத்தில் 'டக்' என்று குழாய் தானாகவே சுழன்று திரும்பியது. பூட்டி வைத்திருந்த முறுக்கு விடுபட்ட சத்தம் அது. இரண்டு பக்கமும் தளர்த்திவிட்டு வண்டியை லேசாக ஆட்டியதும் பின்பக்கம் 8 மில்லிமீட்டர் கீழே இறங்கியது. அத்தனை நாளும் ரப்பரும் ஸ்பிரிங் வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கிறது. இடது புஷ்ஷில் நகம் இறங்கும் அளவுக்கு விரிசல். வலது இன்னும் தாங்கும் நிலையில் இருந்தது, ஆனாலும் ஜோடியாகவே மாற்றினோம்.

எங்கள் தம்பி ஒருவர் நல்ல கேள்வி கேட்டார்: "கழட்டுறதுக்கு முன்னாடி வீல் நடுவுலருந்து ஃபெண்டர் வரைக்கும் அளந்து வச்சுக்கிட்டு, அந்த அளவுக்கு ஜாக்கி குடுத்து முறுக்குனா போதாதாண்ணே?" மற்ற வேலைகளுக்கு அது அருமையான வழி. ஸ்பிரிங் மாற்றும் வேலைக்கு மட்டும் ஒத்துவராது. பழைய அளவு என்பது அமுங்கிய ஸ்பிரிங்கின் அளவு. புது ஸ்பிரிங்கில் வண்டி வேறு உயரத்தில் நிற்கும். எனவே போல்ட்டுகளைக் கையால் மட்டும் ஓட்டிவிட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, இரண்டு மூன்று முறை அமுக்கிவிட்டு, கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டி, அது தன் உயரத்தில் உட்கார்ந்த பிறகே இறுதி முறுக்கு. மேனுவலில் உயர அளவு இருந்தால் அதோடும் ஒத்துப் பார்க்க வேண்டும்.

திரும்பப் பூட்டிய முறை

இடது ஸ்ட்ரட்டின் கீழ்த் துளையை வெர்னியரில் பார்த்தபோது மேலும் கீழும் 12.3, பக்கவாட்டில் 12.9. துளை முட்டை வடிவமாகிவிட்டது. வாஷரை வைத்து வெல்டு அடித்துத் துளை போட்டுக்கொள்ளலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் செய்ய மாட்டேன். அந்தத் தகடு மெல்லியது, பக்கத்திலேயே ஷாக்கின் எண்ணெய்க் குழாய், சூடு போனால் சீல் போகும். முன்பக்கம் ஒரு பக்கம் புது ஷாக், ஒரு பக்கம் பழசு என்று வைப்பதும் சரியில்லை. வலது தகட்டின் வாயும் சிதைந்திருந்ததால் இரண்டு ஸ்ட்ரட்டையும் மாற்றலாம் என்று உரிமையாளரிடம் காட்டிப் பேசினோம். துளையைக் கண்ணால் பார்த்ததும் ஒத்துக்கொண்டார். நக்கிள் வார்ப்பு கெட்டியானது, அதன் துளைகள் அளவில் இருந்தன.

ஸ்பிரிங்கை ஸ்ட்ரட்டிலிருந்து எடுக்கும் வேலையை இங்கே விரிக்கப்போவதில்லை, ஒன்றைத் தவிர. கம்ப்ரஸரில் ஸ்பிரிங் அழுத்தப்பட்டு, மேல் இருக்கையை விட்டுத் தளர்ந்து நிற்பதைக் கண்ணால் பார்க்காமல் நடு நட்டில் ஸ்பேனர் வைக்கவே கூடாது. அது உயிர் சம்பந்தப்பட்டது. திரும்பப் பூட்டும்போது அந்த நட்டைக் கன்னால் அடிக்கவும் கூடாது. ராடு உள்ளே சுழன்று சீலைக் கெடுக்கும்.

புது ஸ்ட்ரட்டின் தகட்டில் தடிமனாகப் பெயின்ட் இருந்தது. நக்கிளோடு ஒட்டும் முகத்தில் மட்டும் அதைச் சுரண்டி எடுத்தோம். பெயின்ட் இடையில் இருந்தால் முறுக்கும்போது அளவு சரியாகக் காட்டும், ஓட ஓட நசுங்கி மெலியும், அந்த அளவுக்கு அழுத்தம் குறையும். நக்கிள் முகத்தின் துருவையும் கம்பி பிரஷ்ஷால் எடுத்தாயிற்று.

முன்பக்கம் நான்கு போல்ட், நான்கு நட்டு, எல்லாம் வண்டிக் கம்பெனியின் பார்ட் நம்பர் பார்த்துப் புதிதாக வாங்கியவை. பீம் போல்ட்டும் நட்டும் புதிது. அவற்றுக்கு மேனுவலில் முதலில் ஒரு டார்க், அதற்கு மேல் இத்தனை டிகிரி என்று கோணத்தில் முறுக்கச் சொல்லியிருந்தது. அப்படி முறுக்கும் போல்ட் பலவும் ஒரு தடவை நீண்டு வேலை செய்வதற்காகச் செய்யப்பட்டவை, மறுபடி போடக் கூடாது. பின் ஷாக்கின் கீழ் போல்ட்டுகளைத் திரும்பப் பயன்படுத்தினோம். மேனுவல் தடுக்கவில்லை, கண்ணாடி மேல் உருட்டியபோது வளைவில்லை, சோதனை நட்டு கையால் ஓடியது, தலையடியில் உரசல் இல்லை. எல்லாவற்றையும் மாற்றித்தான் ஆக வேண்டும் என்பது என் கட்சி இல்லை. பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டும் என்பதுதான். ஆனால் பூட்டு நட்டுகளில் தயவு காட்டுவதில்லை, கழற்றினால் புதிதுதான். ஒரு தடவை பிடித்த பிடி அடுத்த தடவை அதே அளவு இருக்காது.

மரையில் எண்ணெய் இல்லை, கிரீஸ் இல்லை. மேனுவல் சொல்லும் டார்க் எந்த நிலைக்கோ அந்த நிலையில்தான் போல்ட் இருக்க வேண்டும். பீம் போல்ட்டில் மட்டும் உள்குழாய்க்குள் போகும் மழமழ பகுதியில் மெல்லிய கிரீஸ் தடவினோம். ராமநாதபுரம் பக்கமிருந்து உப்புக் காற்றில் ஓடி வரும் வண்டிகளில் போல்ட்டும் குழாயும் ஒன்றாகத் துருப்பிடித்து, கடைசியில் அறுத்து எடுக்க வேண்டிவருவதைப் பார்த்திருக்கிறோம்.

முதலில் எல்லா போல்ட்டும் கையால். அப்புறம் ஸ்பேனரில் லேசான பிடி. கடைசியில் டார்க் ரெஞ்ச். பெரிய மேஸ்திரிகள் கைக்கணக்கிலேயே முறுக்கிப் பழகியவர்கள், அந்தக் கையின் அனுபவத்தை நான் மதிக்கிறேன். ஆனால் கைக்குத் தெரிவது எதிர்ப்பு மட்டும்தான். துருப்பிடித்த மரையும் கடினமாகத்தான் இருக்கும், சரியாக இழுபட்ட போல்ட்டும் கடினமாகத்தான் இருக்கும். அதனால்தான் மரையைச் சுத்தம் செய்துவிட்டு ரெஞ்ச் வைக்கிறோம். முறுக்கி முடித்த ஒவ்வொரு நட்டிலும், பக்கத்துத் தகடு வரை நீளும்படி மஞ்சள் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு. யார் முறுக்கினார்கள் என்பது போர்டில் எழுதப்படும். வேலையின் நடுவில் யாராவது டீக்குப் போய்வந்தாலும் எது முடிந்தது, எது பாக்கி என்பதில் குழப்பம் வராது.

ஹோஸ் மாற்றி, அதன் போல்ட்டைப் போட்டு, பிரேக்கில் காற்று எடுத்த பிறகே அலைன்மென்ட். இடது கேம்பர் மைனஸ் 35 நிமிடம், வலது மைனஸ் 30. டோவும் (சக்கரங்கள் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) சரிசெய்தோம், கேம்பர் நகர்ந்த வண்டியில் அதுவும் மாறித்தான் இருக்கும். விரகனூர் ரிங் ரோட்டில் ஓட்டியபோது கையை லேசாக விட்டால் சாலைச் சரிவுக்கு ஏற்ற மெல்லிய இடது சாய்வு மட்டும். பிரேக்கில் சத்தம் இல்லை.

உள் ஓரம் தேய்ந்த டயரில் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்ததால் அதை ஓட்ட அனுமதிக்கவில்லை. கழற்றிய போல்ட், நட்டு, புஷ் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு உரிமையாளரிடம் கொடுத்தோம், எது எங்கே இருந்தது என்று சீட்டு எழுதி. பில்லில் போல்ட்டுகள் தனி வரியாக இருந்தன. நான்கு ஸ்பிரிங்கின் விலையோடு பார்த்தால் அது சின்னத் தொகை. எந்தப் பட்டறையில் ஸ்பிரிங் மாற்றினாலும் பில்லில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். இல்லையென்றால் பழைய நட்டையே திரும்பப் போட்டார்களா என்று கேட்கும் உரிமை அவருக்கு உண்டு.

சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் வரச் சொல்லியிருந்தோம், மார்க்கெட்டுக்குப் பூ இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் வந்தார். மஞ்சள் கோடுகள் எல்லாம் நேராக இருந்தன. ஸ்ட்ரட் தகட்டைச் சுற்றித் தூள் இல்லை. வீல் நட்டுகளை மட்டும் ரெஞ்ச் வைத்து மறுபடி பார்த்தோம். கோணத்தில் முறுக்கிய பீம் போல்ட்டுகளில் ரெஞ்ச் வைக்கவில்லை, அவற்றுக்குக் கோட்டைப் பார்ப்பதுதான் சோதனை.